ஞாயிற்றுக்கிழமைத் தாகம்

எச்.ஐ.வி.க்குப் புது மாத்திரை தொடங்கியதிலிருந்து, உடம்பில் தெரிந்ததையெல்லாம் தேதிபோட்டு நோட்டில் எழுதிவந்தேன். மாதாமாதம் மாத்திரை வாங்கப் போகும்போது நர்ஸ் கேட்பார்: "தொந்தரவு ஒண்ணும் இல்லல்லா அண்ணாச்சி?" "இல்லம்மா" என்பேன். உப்பளத்தில் வேலை என்பதால், அடங்காத தாகத்துக்கு, 'காரணம்' என்ற கட்டத்தில் 'உப்பள வெயில்' என்று நானே எழுதியிருந்தேன்.

போன மாதம் அவர் நோட்டை வாங்கிப் புரட்டினார்.

"ஞாயித்துக்கிழமை உப்பளம் லீவுதான? அன்னைக்கும் பத்துச் செம்பு தண்ணி, வெயிலுன்னு எழுதியிருக்கிய. வீட்டுக்குள்ளயுமா வெயிலடிச்சுது?"

ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை எகிறியிருந்தது. மாத்திரையாலும் இருக்கலாம் என்றார் டாக்டர்.

மாதாமாதம் 'ஒண்ணும் இல்லல்லா' என்று கேட்டால் யார்தான் சொல்வார்கள் என்று எரிச்சலாக வந்தது. ஆனால் ஐந்து மாதமாகப் பதில் என் பையிலிருந்த நோட்டிலேயே இருந்ததே! இப்போதும் எழுதுகிறேன். காரணக் கட்டத்தை மட்டும் டாக்டருக்குக் காலியாக விடுகிறேன்.