ஏழாம் நம்பர் மலைக் கீரை

கையில் கீரை இல்லாமல் மீனம்மா வேலை விட்டு வந்த நாளை அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில், அந்த லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் யாரும் பார்த்ததில்லை. கொழுந்து நிறுத்து முடிந்ததும் மற்றப் பெண்கள் நேராக வீட்டுக்குத் திரும்புவார்கள். இவள் மட்டும் தண்ணீர் ஓடும் கானோரமாகக் குனிந்தபடி போவாள். வல்லாரை, மணத்தக்காளி, குப்பைக்கீரை, எது முளைத்திருந்தாலும் மடிக்குள் போய்விடும். ஐம்பத்திரண்டு வயதில் இடுப்பு வளைகிறது, கண் தெரிகிறது, பல் அத்தனையும் இருக்கிறது; எல்லாம் கீரை செய்த வேலை என்று அடித்துச் சொல்வாள். இல்லை என்று யாராவது வாயைத் திறந்தால் தொலைந்தார்கள்.

அப்படி வாயைத் திறந்த ஒரே ஆள் சோலைமலை. பக்கத்து அறையான காம்பிராவில் குடியிருப்பவர், தனிக்கட்டை. துரை பங்களாவில் முப்பது வருடம் சமையல் செய்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் கோயில் திருவிழாவில், பத்துப் பேர் கேட்க, "மீனம்மா வீட்டுல ஆடு வளக்க வேண்டியதில்ல, ஆளுங்களே மேஞ்சுக்குவாங்க" என்று சொல்லிவிட்டார். கூட்டம் சிரித்தது. அன்றிலிருந்து பேச்சு நின்றுபோனது. நடுவில் இருப்பது ஒரே சுவர். அவர் இருமினால் இவளுக்குக் கேட்கும். கேட்டாலும் கேட்காத மாதிரி இருந்துகொள்வாள்.

மருமகள் லோஜினி எதிர்த்துப் பேசுகிற ரகம் இல்லை. அட்டன் டவுனில் வளர்ந்தவள். காலையில் இடியப்பமும் சொதியும், இல்லாவிட்டால் அப்பமும் சம்பலும் என்று பழகிய நாக்கு. கீரைச் சட்டியைக் கண்டால் முகம் சுண்டிப்போகும். வாய் மட்டும் "சரிங்க அத்தை" என்று சொல்லும். அவள் புருஷன், மீனம்மாவின் ஒரே மகன் கிஷாந்த், கொழும்பில் கடை வேலை பார்க்கிறான். மாதம் ஒரு தடவை வருவான்.

லோஜினிக்கு இப்போது ஆறு மாதம். மூன்றாம் மாதம் கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ், இரத்தம் காணாது என்று அட்டையில் எழுதினார். அன்றோடு மீனம்மாவின் நிம்மதி போய்விட்டது. கிஷாந்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்து மூன்றாம் நாளே போய்ச் சேர்ந்தது. தாய் உடம்பில் இரத்தமே இல்லை என்று ஆஸ்பத்திரியில் அன்றைக்குச் சொன்னார்கள். அது இன்றுவரை அவள் காதில்தான் கிடக்கிறது. அதனால்தான் தினமும் கீரை. போன மாதம் இரத்தம் கொஞ்சம் ஏறியிருந்தது, லோஜினியின் கன்னமும் உப்பியிருந்தது. "பாருங்கடி, எங் கீரை செய்யிற வேலைய" என்று, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நின்று பெருமை அடித்தாள். கிளினிக்கில் கொடுத்த மாத்திரை என்று ஒன்று இருப்பதை அவள் சேர்த்துக்கொள்ளவே இல்லை.

அந்தப் புதன்கிழமை காலை, முதல் நாள் பறித்து வந்த கீரையைத் தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் போட்டுச் சுண்டினாள். இருந்தது ஒரு சட்டிதான். தனக்கு ரொட்டியும் சம்பலும் போதும் என்று கட்டிக்கொண்டு, சட்டியை அப்படியே மருமகள் முன்னால் வைத்தாள்.

"இன்னைக்கு மட்டும் வேணாமே அத்தை. ஒரே குமட்டலா இருக்கு."

"ஒன் நாக்குக்காகவாடி சாப்பிடுற? வயித்துல இருக்கிறதுக்காகச் சாப்பிடு. நான் வரும்போது சட்டி காலியா இருக்கணும். இல்லாட்டி இனி ஒங் கையால பச்சத்தண்ணி வாங்க மாட்டேன்."

சொல்லிவிட்டுப் பெரட்டுக்கு இறங்கிவிட்டாள்.

பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில், முதுகில் மருந்து டாங்கியோடு பிரதாப் அந்தப் பக்கம் வந்தான். புல் சாக மருந்து அடிக்கிற பையன்களில் ஒருவன். மீனம்மாவைக் கண்டதும் சிரித்தான்.

"மீனம்மாக்கா, ஏழாம் நம்பர் மலை கீழ்ப்பக்கம் போயிறாதீங்க. நேத்து மத்தியானமே அடிச்சு முடிச்சுட்டோம். ஒங்க தோட்டமெல்லாம் போச்சு."

மீனம்மாவின் கையிலிருந்த ரொட்டி மண்ணில் விழுந்தது. "நேத்தா? சேப்புத் துணி கட்டலியே?"

"ரோட்டு முனையில கட்டியிருக்கோமே."

மருந்து அடித்த மலையின் முனையில் சிவப்புத் துணி கட்டுவது வழக்கம். துணியைப் பார்த்தால் யாரும் அந்தக் கீரையில் கை வைக்க மாட்டார்கள். ஆனால் நேற்றுக் கீரை பறிக்க மீனம்மா அங்கே ரோட்டு வழியாகப் போகவில்லை. சீக்கிரம் வீட்டுக்குப் போகிற அவசரத்தில், ஓடைப் பக்கத்துக் குறுக்குப் பாதையால் கீழே இருந்து ஏறியிருந்தாள். மருந்து பட்ட கீரை வாடுவதற்கு நாலைந்து நாள் ஆகும். நேற்றுச் சாயங்காலம் அது பச்சைப் பசேலென்று நின்றது.

பிரதாப் லோஜினியின் நம்பருக்குப் போன் அடித்தான். மணி போனது, எடுக்க ஆள் இல்லை. மறுபடியும் அடித்தான். அதற்குள் மீனம்மா கூடையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட ஆரம்பித்திருந்தாள். பின்னால் கங்காணி கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை. பிரதாப்புக்கு மட்டும் புத்தி வேலை செய்தது. டாங்கியை இறக்கி வைத்துவிட்டு, டாக்டருக்குக் காட்ட மருந்துப் போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினான்.

லயத்துக்கு இறங்க முந்நூறு படிக்கட்டு. மாரியம்மாவைக் கூப்பிட்டாள், முருகனைக் கூப்பிட்டாள். கடைசியில் மருமகளையே கூப்பிட்டாள். இன்னைக்கு ஒரு நாளாவது எம் பேச்சைக் கேக்காம இருந்திருடி, கொண்டுபோய்க் கொட்டியிருடி என்று வாய்விட்டுக் கெஞ்சினாள். மூன்று மாதமாக அதட்டி உருட்டி ஊட்டியது தானேதான் என்று நினைக்கும்போது இரண்டிரண்டு படியாகத் தாண்டினாள்.

லோஜினி, மலைத் தண்ணீர் விழுகிற பீலியடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மாமியார் தலைவிரி கோலமாக வருவதைப் பார்த்ததும், ஏதோ குற்றம் கண்டுபிடிக்கத்தான் வருகிறாள் என்று பயந்து எழுந்தாள்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேங்க அத்தை."

"கீரைய?"

"அம்புட்டும் சாப்பிட்டேன். சட்டியக்கூட கழுவி வச்சிட்டேன், போய்ப் பாருங்க."

மீனம்மா அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள். மறு நிமிடம் எழுந்து லோஜினியின் கையைப் பிடித்து இழுத்தாள். "ஆட்டோவைக் கூப்பிடு பிரதாப்! ஓடு! ஐயோ, எங் கையாலயே குடுத்துட்டேனே!"

"அத்தை, என்னங்க அத்தை?"

"மருந்து அடிச்ச கீரைடி அது!"

லோஜினி கையை விடுவித்துக்கொண்டாள். "நான் சாப்பிடலீங்க."

"பொய் சொல்லாத! ஆஸ்பத்திரிக்குப் பயந்துகிட்டுச் சொல்றியா?"

"மாரியம்மா சத்தியமா சாப்பிடல. இன்னைக்கு மட்டும் இல்ல, ஒரு நாளும் சாப்பிட்டதில்ல. நீங்க பெரட்டுக்குப் போனதும் சட்டியில இருக்கிறத அப்பிடியே சோலைமலை மாமாகிட்ட குடுத்துருவேன். அவரு எனக்கு அப்பம் சுட்டுத் தருவாரு."

"யாருகிட்ட?"

"அவருதான் கேட்டாருங்க. வாசம் சுவரத் தாண்டி வருது, கொஞ்சம் கெடைக்குமான்னு கேட்டாரு."

கோபப்பட மீனம்மாவுக்கு நேரம் இல்லை. பிரதாப் போனில் ஆட்டோவைக் கூப்பிட்டபடி வர, மூன்று பேரும் ஓடினார்கள். சோலைமலையின் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது, ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. கூப்பிட்டார்கள், தட்டினார்கள், பதில் இல்லை. பிரதாப் தோளைக் கொடுத்து மோதியதில் தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது. உள்ளே சோலைமலை அடுப்படியில் குந்தி, உலை அரிசியைக் கிளறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கிண்ணம், அதில் கீரைச் சுண்டல். இரண்டு வருடத்துக்குப் பிறகு தன் வாசலில் மீனம்மாவைக் கண்டதும் அவர் செய்த முதல் வேலை, கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தது.

"அண்ணே, அதுல வாய் வச்சீங்களா?"

களவு பிடிபட்டவர் போலத் தலையைக் குனிந்தார். "சோறு வேகட்டும்னுதான் இருந்தேன். காலையில மட்டும் ரெண்டு வாய் ருசி பார்த்தேன்."

ஆட்டோவில் மீனம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வழி நெடுக அவர் கையை விடவில்லை. அழுதுகொண்டே வந்தாள். அவருக்கும் பயம்தான். ஆனாலும் நாக்கு சும்மா இருக்குமா? "உப்புத்தான் ஒரு கல்லு கூட, மீனம்மா" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் போத்தலை வாங்கிப் படித்தார். யார் சமைத்தது என்று சிங்களத்தில் கேட்டார். மீனம்மா ஓரடி முன்னால் வந்து, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். கொஞ்சமாகத்தான் சாப்பிட்டிருக்கிறார், ஆனாலும் நாளை வரை இங்கேயே இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னார். கட்டிலில் படுத்துக்கொண்டு சோலைமலை லோஜினியைக் கூப்பிட்டார். "அப்பத்துக்கு மா கரைச்சு வச்சிருக்கேன் புள்ள. காலையில சுடாட்டி புளிச்சுப் போயிரும்."

பிரதாப்பை ஆஸ்பத்திரியில் துணைக்கு விட்டுவிட்டு மாமியாரும் மருமகளும் திரும்பினார்கள். லயத்துப் படியில் ஏறும்போதுதான் மீனம்மா கேட்டாள். "புடிக்கலன்னு ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க சாப்பிட்டியா, சாப்பிட்டியான்னுதான் கேட்டீங்க. புடிக்குதான்னு ஒரு நாளும் கேக்கலியே அத்தை."

லோஜினி அதை வேண்டுமென்று குத்திச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். அதுதான் மீனம்மாவுக்கு அதிகம் வலித்தது.

மறுநாள் விடிந்ததும் மீனம்மா பெரட்டுக்குப் போகவில்லை. தாழ்ப்பாள் பெயர்ந்த கதவைத் தள்ளிக்கொண்டு சோலைமலை வீட்டு அடுப்பை மூட்டினாள். சின்ன அப்பச் சட்டியில் மாவை ஊற்றிச் சுழற்றினாள். முதல் அப்பம் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது கிழிந்தது. மூன்றாவதை ஒருமாதிரி சுரண்டி எடுத்துத் தட்டில் வைத்தாள். அதற்குள் பிரதாப் போனில் கூப்பிட்டான்: சோலைமலைக்கு ஒன்றும் இல்லை, மத்தியானம் விடுகிறார்கள், காலைச் சாப்பாட்டுக்குக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கூடவே வந்து உட்கார்ந்திருந்த லோஜினி அப்பத்தில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தாள். மீனம்மா எதிரில் குந்தி அவள் முகத்தையே பார்த்தாள். பெரட்டுக் களத்தில் நூறு பேர் முன்னால் பேசுகிறவளுக்கு இந்த ஒரு கேள்வியைக் கேட்க நேரம் எடுத்தது.

"புடிச்சிருக்கா?"

லோஜினி தட்டைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். "சரிங்க அத்தை" என்று பழக்கத்தில் வர இருந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டாள்.

"இல்லீங்க அத்தை. அடி தீஞ்சு போச்சு."

மீனம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த அப்பத்துக்கு மாவை ஊற்றினாள்.