ஏலத்துக்கு வந்த மரச்சீனி

அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் சபையில் அவரவர் விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவைப்போம். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். போன வருஷம் என் மனைவி ஒரு மூடு மரச்சீனியை, அதுதான் மரவள்ளிச் செடியை, கிழங்கும் கம்பும் இலையுமாக முழுசாகப் பிடுங்கி வந்து பீடத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பார்த்து அவளைக் கோயிலுக்குப் பிந்த வைத்திருப்பேன்.

பிரசங்கத்தின் நடுவில்தான் கவனித்தேன். கொழுந்து சுருண்டு கொத்தாக நின்றது. உள்ளே மாவு தூவினதுபோல் வெள்ளை.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனால் விவசாய ஆபீசான கிருஷிபவன் சுவரில் மாவுப்பூச்சியைப் பற்றி ஒட்டியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த பூச்சி. கம்பு வழியாக ஊர் ஊராகப் பரவும். ஏலத்தில் எடுப்பவர் கிழங்கை அவிப்பார், கம்பை வெட்டி நடுவார். எங்கள் வீட்டுப் பூச்சி ஜெபத்தோடும் ஆசீர்வாதத்தோடும் இன்னொருவர் விளைநிலத்துக்குப் போகப் போகிறது. போதகர் அப்போது கவலைப்படாமல் இருப்பதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

நானே ஏலத்தில் எடுத்துக் கொளுத்திவிடலாம், யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். ஆனால் ஏலம் தொடங்கியதும் மனைவியின் அண்ணனும் விலை கேட்டார். காரக்கோணம் பக்கம் குத்தகை நிலம் முழுக்க மரச்சீனி போட்டு அதை நம்பியே பிழைப்பவர். நான் கூட்டினேன், அவரும் கூட்டினார். சபைச் செயலாளர் என் தாராளத்தை மைக்கில் புகழ்ந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து மனைவி என்னைப் பார்த்த பார்வையில் புகழ்ச்சி இல்லை.

"மாப்ளே, கிழங்குக்கு இவ்வளவு கொதியா? வீட்டுல தங்கச்சி ஒண்ணும் தரதில்லையா?" என்றார் மச்சான். சபையே சிரித்தது.

ஒரு தரம், இரண்டு தரம் என்று செயலாளர் அவர் பக்கம் கையை நீட்டினார். அதற்கு மேல் கேட்க என் பையில் இல்லை. எழுந்தேன்.

"மச்சான், அத எடுக்காதீரும். கம்புல மாவுப்பூச்சி உண்டு. உமக்க விளையில ஏறினா ஒண்ணும் மிஞ்சாது."

சிரிப்பு நின்றது. மச்சான் எழுந்து போய்க் கொழுந்தை விரித்துப் பார்த்தார்.

"இத முதல்லயே சொன்னா என்ன? நீரு வாசி பிடிச்சதுனாலயாக்கும் நானும் விடாம கேட்டேன்."

கிழங்குக்குக் கேடில்லை என்று அதை மட்டும் அறுத்துச் சமையல்காரர்களிடம் கொடுத்தார்கள். மீதியைக் கோயிலுக்குப் பின்னால் இழுத்துப் போய்க் காய்ந்த ஓலை போட்டுக் கொளுத்தினேன். இனி எந்தச் செடி வாடினாலும் ஊர் என் வீட்டைத்தான் கைகாட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

அப்போது பாடகர் குழுவிலிருந்து ஒருவர் தான் காணிக்கை வைத்த பப்பாளிக் கன்று ஒன்றைக் கொண்டுவந்து தீயில் போட்டுவிட்டுப் போனார். பின்னாலேயே ஒரு கத்தரி வந்தது. அப்புறம் ஒரு கொய்யாக் கொம்பு. கடைசியில் செயலாளரே தன் வீட்டுச் செம்பருத்தியைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்னத்த பாக்குதீரு? இதுலயும் பூச்சியோன்னு ஒரு சந்தேகமாக்கும்," என்றார் மெதுவாக.

நான் நகர்ந்து அவருக்கு இடம் விட்டேன்.