1950 என்ற தீவு

ரோமினாவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மேசையைச் சுற்றி ஒரு நடை, வாசல்வரை ஒரு நடை. மொந்தெவிதேயோ விளையாட்டுக் கண்காட்சியின் கடைசி மதியம் அது. புவனோஸ் ஐரிஸ் கண்காட்சிக்கு விளையாட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் தெரெசித்தா நான்கு மணிக்கு வருவார். அவருக்குப் பிடித்துவிட்டால் ரோமினாவின் கணினி விளையாட்டு அங்கே போகும். இல்லையென்றால் திங்கட்கிழமை காப்பீட்டு அலுவலகத்தின் பழைய நாற்காலி. ஆறு மாத விடுப்பு ஞாயிறோடு முடிகிறது.

மூன்று வருடமாக டயர் கடை மாடியில் உருவாக்கிய விளையாட்டு. ஆடும்போதெல்லாம் கணினி ஒரு புதுத் தீவைப் படைக்கும். எண் ஒன்றைக் கொடுத்தால் அந்த எண்ணுக்குரிய தீவு; கொடுக்காவிட்டால் அது பாட்டுக்கு ஏதோ ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளும். அங்கே கிடைப்பதை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்துப் பிழைக்க வேண்டும். எதோடு எது சேரும் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இரண்டு மணிக்கு ஒரு பள்ளி ஆசிரியர் ஆட உட்கார்ந்தார். கால்மணி நேரத்தில் எழுந்துவிட்டார்.

"ஏம்மா, ஒரே பாறையால்ல இருக்கு. ஒரு மரம்கூட இல்ல. நெருப்பு மூட்டாம நான் என்னத்தப் பண்ண?"

ரோமினா திரையை எட்டிப் பார்த்தாள். சோதித்துப் பார்க்கும்போதெல்லாம் அவள் விரல் தானாக அடித்த எண் 1950. உருகுவாய் உலகக் கோப்பையை வென்ற வருடம்; ஊரில் பாதிப் பேரின் பெட்டிப் பூட்டு அந்த எண்ணில்தான் திறக்கும். அந்தத் தீவில் இறங்கிய இடத்திலேயே ஓடையும் மரங்களும் இருந்தன. மற்ற தீவுகளை அவள் சரியாகப் பார்த்ததே இல்லை.

விளையாட்டுக்குப் படம் வரைகிற வால்தெமார் மாத்தே என்ற மூலிகைத் தேநீரை உறிஞ்சியபடி சொன்னான்: "இதுக்கா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? அந்தம்மா வர்றப்ப 1950ஐப் போட்டு வெச்சிடு. அவங்களுக்கு என்ன தெரியப் போகுது?"

"போர்டுல என்னடா எழுதியிருக்க? 'ஒவ்வொரு முறையும் புது உலகம்.'"

"எழுதத் தெரிஞ்சவனுக்கு அழிக்கத் தெரியாதா?"

"அவங்க ரெண்டாவது தடவ ஆடினா?"

"அப்ப நான் மேசைக்கடியில போய்ப் படுத்துக்கிறேன்."

1950 என்று அடித்தாள். அழித்தாள். மறுபடி அடித்து, மறுபடி அழித்தாள்.

"உக்காரலாமா? கொஞ்சம் சீக்கிரமே வந்துட்டேன்." அக்குளில் மாத்தேக்கான வெந்நீர்க் குடுவையோடு தெரெசித்தா நின்றார். திரையில் எண் கட்டம் காலி. ரோமினா கையை இழுத்துக்கொண்டாள்.

பாறை. திரும்பிய பக்கமெல்லாம் பாறை. தெரெசித்தா கல்லோடு கல்லைத் தட்டினார், பொறி பறந்தது. கடற்பாசியில் வைத்தார், ஈரத்தில் அணைந்தது. ரோமினா நகத்தைக் கடித்தாள். தெரெசித்தா பாறையில் காய்ந்து கிடந்த பறவை எச்சத்தைச் சுரண்டி அதில் பொறியைத் தட்டினார். புகைந்தது. பற்றிக்கொண்டது.

விளையாட்டின் பொருள் பட்டியலில் எச்சத்துக்கு நேராக 'காய்ந்தது' என்று என்றோ எழுதிவைத்து ரோமினா மறந்தே போயிருந்தாள்.

"அட கண்றாவியே, எச்சத்துலயா!" தெரெசித்தா சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். பத்து நிமிடம் ஆட வந்தவர் அரைமணி நேரம் எழவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது.

"இந்தத் தீவோட எண்ண எழுதிக் குடு, வீட்ல போய்த் தொடரணும். புவனோஸ் ஐரிஸ்ல வேற ஒண்ணு போடு. அங்கயும் என்ன வரும்னு எனக்குத் தெரியக் கூடாது."

"எங்களுக்கும் தெரியாது" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள் ரோமினா.

அவர் போனதும் முதல்முறையாக உட்கார்ந்தாள். எண் எதுவும் போடாமல் ஒரு தீவைத் திறந்தாள்.

"இன்னும் எத்தன தீவு பாக்கணும்?" என்றான் வால்தெமார்.

"பேசாம நீயும் ஒண்ணத் திற."

மேசைக்கடியில் அவள் கால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.