மொக்கம்மாள் பெயரில் வரும் செய்தி

ஞானசெல்வி போடி இரும்புக்கடைக்காரர் மகள். யாரிடமும் எதிர்த்துப் பேசமாட்டாள். எடுத்த வேலையை முடிக்காமல் எழுந்திருக்கவும் மாட்டாள். தேனியில் எங்கள் சின்ன ஆபீஸில் அவளுக்கு அடுத்த நாற்காலி என்னுடையது.

ரத்தம் கேட்டு மருத்துவமனைகள் எங்கள் இணையதளத்தில் பதிவு செய்யும். உடனே அந்த வகை ரத்தம் உள்ளவர்களின் செல்போனுக்குச் செய்தி போகும். 2009இல் காய்ச்சல் பரவியபோது கூட்டம் தாங்காமல், எங்களிடம் இருந்த ஒரே சர்வரும் படுத்துவிட்டது. ஞானசெல்வி கிளவுடில் மூன்று சர்வர்களை வாடகைக்கு எடுத்து, முன்னால் ஒரு லோடு பேலன்சரை வைத்தாள். கையில் வேலை குறைவாக உள்ள சர்வர் எதுவோ, அதற்கு அடுத்த கோரிக்கையை அது தள்ளிவிடும். இடையிடையே ஒவ்வொன்றையும் 'இருக்கிறாயா' என்று கேட்கும். பதில் சொல்லாததை ஒதுக்கிவைக்கும். இனிமேல் கவலையில்லை என்று முதலாளி இம்மானுவேல் சார் எல்லோருக்கும் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார்.

ஒரு மத்தியானம், மூன்றில் ஒரு சர்வரால் செய்தி அனுப்ப முடியாமல் போனது. ஆனால் கேட்டபோதெல்லாம் 'இருக்கிறேன்' என்றது. வந்த கோரிக்கையை வாங்கிக்கொண்டு, 'பதிவாகிவிட்டது' என்று காட்டிவிட்டுச் சும்மா இருந்தது. வேலை செய்யாததால் அதன் கை எப்போதும் காலி. கை காலியாக இருந்ததால் மேலும் மேலும் அதற்கே போய்ச் சேர்ந்தன. எங்கள் திரையில் எல்லாமே பச்சை.

அப்படிப் போனதில் ஒன்று, கம்பத்தில் பிரசவத்துக்குச் சேர்ந்திருந்த காமயகவுண்டன்பட்டி மொக்கம்மாளுக்கானது. ஓ நெகட்டிவ். யாருக்கும் செய்தி போகவில்லை. குழந்தை பிழைத்தது. மொக்கம்மாள் போய்விட்டாள்.

காரியம் முடிந்து அவள் கணவன் சின்னக்கருப்பு ஆபீஸுக்கு வந்தான். திராட்சைத் தோட்டத்தில் கூலிவேலை பார்ப்பவன். சர்வர் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை என்று இம்மானுவேல் சார் அவனுக்கு விளக்க ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் சத்தம் போடவில்லை. ஞானசெல்வியைப் பார்த்துத்தான் சொன்னான்.

"பதிஞ்சாச்சு, ஆளு வந்துருவாகன்னு சொன்னாக. நம்பி அங்கனயே உக்காந்துட்டேன் மேடம். இல்லேன்னு சொல்லியிருந்தா ஊருக்குள்ள போயி நாலு பேரக் கூட்டியாந்திருப்பேன்."

அவன் போன பிறகு அவள் வெகுநேரம் அழுதாள். பிறகு வேலையில் உட்கார்ந்தாள். இனி 'இருக்கிறாயா' என்ற கேள்வி கிடையாது. கால்மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு சோதனைக் கோரிக்கை போகும். அதன் செய்தி ஒரு போனுக்கு வந்து சேர்ந்தால்தான் அந்தச் சர்வருக்கு வேலை. அந்தப் போன் அவளுடையது. கோரிக்கையில் நோயாளி பெயர் வேண்டுமே. 'மொக்கம்மாள், ஓ நெகட்டிவ், கம்பம்' என்று போட்டாள்.

வேறு பெயர் வைக்கச் சொன்னார் சார். அவரை அவள் எதிர்த்துப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"அன்னைக்கு அவுக பேர்ல யாருக்கும் போகல சார். இனிமே போகட்டும்."

அடுத்த வருடம் போடி சர்ச்சில் அவளுக்குக் கல்யாணம். போனை என்னிடம் கொடுத்திருந்தாள். தாலி கட்டி முடிந்ததும், கூட்டத்துக்கு நடுவே என்னைத் தேடித் திரும்பிப் பார்த்தாள். வந்துவிட்டது என்று தலையாட்டினேன்.