முதல் பஸ்ஸில் ஏறியவர்கள்

அந்த முதல் பஸ்ஸில் லாண்டரி அக்கா வைத்ததுதான் சட்டம். ஜன்னலை யார் திறக்கலாம், போனில் பாட்டுப் போடலாமா கூடாதா, எல்லாவற்றுக்கும் அவள் வாய்தான் தீர்ப்பு. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை என்பதால் வந்த பெயர் அது. படுக்கை விரிப்புகளையும் ஆபரேஷன் அறைக்குப் போகிற பச்சைத் துணிகளையும் ஆளுயர உருளை இஸ்திரிக்குள் விடுகிறவள். உருளைக்கு அந்தப் பக்கம் நின்று துணியை வாங்கி மடிக்க வருகிற பெண்கள் அவள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஒருத்தி மாற்றி ஒருத்தியாக வேறு பிரிவுக்கு ஓடினார்கள். வேலையில் புலி. குணத்தைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

அந்தச் சிடுசிடுப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வீட்டில் வளர்ந்து ஆளான ஒரே மகள். சின்ன வயதிலிருந்தே வலிப்பு. எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்தால் பக்கத்தில் ஓர் ஆள் இருந்து ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். யாரும் இல்லாத ஒரு நாள் அடுப்புக்குப் பக்கத்தில் விழுந்தவள் கன்னத்தில் தழும்போடுதான் எழுந்தாள். அன்றே புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்துவிட்டார்கள், இனி வீட்டில் எப்போதும் ஒருவர் இருக்க வேண்டும் என்று. அவளுக்குக் காலை ஷிஃப்ட், அவருக்கு ஒரு கிடங்கில் மதியத்திலிருந்து காவல் வேலை. அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவர் மாட்டுவார். நின்று சண்டை போடக்கூட நேரம் இல்லாத குடித்தனம். அந்தக் குடித்தனம் ஓடியதே முதல் பஸ்ஸை நம்பித்தான்.

அந்த பஸ்ஸுக்கு எமன் ரயில்வே கேட். சரக்கு ரயிலுக்கு முன்னால் கேட்டைத் தாண்டிவிட்டால் பிழைத்தார்கள். இல்லையென்றால் கடைசிப் பெட்டி போகிறவரை உட்கார்ந்து கொட்டாவி விட வேண்டியதுதான், வேலைக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஏறுகிற இடத்தில் மாசப் பாஸ் கார்டைத் தட்ட ஒரு மெஷின் இருந்தது. தட்டினால் யோசிக்கும், யோசித்துக்கொண்டே இருக்கும், பிறகு மனசு வந்தால் பச்சை விளக்கைக் காட்டும். ஆளுக்கு ஆள் தட்டிக்கொண்டு நின்றால் கேட் விழுந்துவிடும் என்று மீசை டிரைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கையால் மெஷினை மறைத்துக்கொண்டு, "ஏறுங்க, ஏறுங்க, மாசப் பாஸ்தானே, நேரமாச்சு" என்பார். நல்ல மனுஷன்தான். அந்த நல்ல மனசுதான் எல்லோரையும் கவிழ்த்தது.

லாண்டரி அக்கா அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டாள். புதிதாக யாராவது கார்டை எடுத்தால், "கட்ட வேண்டியதக் கட்டியாச்சு, அந்தப் பொட்டிக்கு வேற தினமும் கும்பிடு போடணுமா? உள்ள போம்மா" என்று உள்ளே தள்ளிவிடுவாள்.

அடங்காதவள் ஒருத்திதான். எல்லோரும் பள்ளிக்கூடத்தம்மா என்பார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் கூட்டித் துடைக்கிறவள், லாண்டரி அக்காவின் தெருவிலேயே எதிர் வரிசையில் குடியிருப்பவள். எப்போதோ ஒரு பரிசோதகர், கார்டைத் தட்டவில்லை என்று அவளை நடுவழியில் இறக்கி, கூட்டத்துக்கு முன்னால் திருடி என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பச்சை விளக்கைப் பார்க்காமல் அவள் உள்ளே கால் வைப்பதில்லை. டிரைவர் மறைத்தாலும் கையை விலக்கிவிட்டுத் தட்டுவாள்.

ஒரு நாள் அவள் தட்டிக்கொண்டு நிற்க, கண்ணெதிரே கேட் விழுந்தது. பஸ்ஸே அவள் மேல் பாய்ந்தது. லாண்டரி அக்கா தன் பையைத் தூக்கிப் பக்கத்து இருக்கையில் வைத்து, "இங்க இடம் இல்ல. மகாராணி நின்னுக்கிட்டே வரட்டும். எவளும் இவகூடப் பேசக் கூடாது" என்றாள். யாரும் பேசவில்லை. அதற்குப் பிறகு என்றைக்கும் பேசவில்லை. பள்ளிக்கூடத்தம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள், தட்டுவதை மட்டும் விடவில்லை.

பிறகு ஒரு நாள் நிறுத்தத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. போதிய பயணிகள் இல்லாததால் முதல் பஸ் நிறுத்தப்படுகிறது, பகல் பஸ்களும் குறைக்கப்படுகின்றன. லாண்டரி அக்கா இரண்டு தரம் படித்தாள். போதிய பயணிகள் இல்லையாம்! அவள் புடவை நுனி தினமும் எவன் செருப்புக்கடியிலாவது மாட்டிக் கிழிகிற பஸ்ஸில்!

சலவைப் பிரிவின் மேற்பார்வையாளர் சுருக்கமாகச் சொன்னார். "நேரத்துக்கு வர முடியலன்னா மத்தியான ஷிஃப்டுக்குப் போயிடுங்க." மதியம் இவள் போனால் புருஷன் வேலைக்குப் போக முடியாது. அவர் தன் கிடங்கில் நேரத்தை மாற்றிக் கேட்டதற்கு, வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். விடியாத நேரத்தில் அந்தப் பக்கம் ஆட்டோ எட்டிப் பார்க்காது. நடந்து போகிற தூரமும் இல்லை.

லாண்டரி அக்கா சும்மா இருக்கிறவளா? வார்டு துடைக்கிறவர்கள், கேன்டீன்காரிகள் என்று ஒரு படையைத் திரட்டிக்கொண்டு போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனாள்.

"ஆளே இல்லன்னு எவன் சார் சொன்னான்? நிக்க இடம் இல்லாம தொங்கிக்கிட்டு வர்றோம்!"

அதிகாரி நிமிரக்கூட இல்லை. "மெஷின் சொல்லுது."

"என்ன சொல்லுது?"

அவர் கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்பினார். "முதல் பஸ்ல மொத்தமா ஏறுறதே ஒரே ஒரு ஆளு. தினமும் அதே கார்டு. ஒரு ஆளுக்காக ஒரு பஸ் விட முடியுமா, நீங்களே சொல்லுங்க."

யார் அந்த ஒரு ஆள் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"டிரைவரக் கேளுங்க சார். அவர்தான் தட்ட வேணாம்னார். நாங்க எல்லாரும் பாஸ் எடுத்திருக்கோம், பாருங்க."

"பாஸ் எடுத்தா போதுமா? எந்த பஸ்ல ஏறுனீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த அதிகாரி வந்து நிறுத்தத்தில் நின்று பார்த்திருக்கலாம். ஆனால் அவர் எழுந்து பல் தேய்ப்பதற்குள் இவர்கள் பாதி ஆஸ்பத்திரியைத் துடைத்து முடித்திருப்பார்கள். பார்க்க எங்கே நேரம்?

லாண்டரி அக்கா வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினாள். "சரி சார். தப்புதான். இனிமே எல்லாரும் ஒழுங்காத் தட்டுறோம்."

"எந்த பஸ்ல?" என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

படியிறங்கும்போதே படை அவள் மேல் திரும்பியது. "உன் வாய்க்குப் பயந்துதான்டி நான் கார்ட வெளிய எடுக்கல. உள்ள தள்ளிவிட்டியே, இப்ப எங்க பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டியே!" என்றாள் வார்டு துடைக்கிறவள். மற்றவர்கள் அவ்வளவுகூடப் பேசவில்லை, அவளை விட்டுவிட்டு முன்னால் நடந்தார்கள்.

டெப்போவில் மீசை டிரைவரைப் பிடித்தாள். "நீயாவது சொல்லியிருக்கலாம்ல தம்பி, அது ஆளக் கணக்கெடுக்குற மெஷின்னு?"

"எனக்கே இப்பதான்க்கா தெரியும். கைய வச்சு மறைச்சதுக்கு என்மேல விசாரணை போட்டிருக்காங்க. நீங்க பாட்டுக்கு இங்க வந்து நிக்காதீங்க, போங்க."

அலைந்து திரிந்ததில் கிடைத்தது ஒன்றுதான். அடுத்த பஸ்ஸில் வரலாம், அந்த நேரத்தை ஷிஃப்ட் முடிந்த பிறகு இருந்து ஈடுகட்ட வேண்டும் என்று மேற்பார்வையாளர் இறங்கிவந்தார். ஆனால் அப்படிச் செய்தால், புருஷன் கிளம்பிப் போவதற்கும் இவள் வீடு திரும்புவதற்கும் நடுவில் மகள் தனியாக இருப்பாள். அந்த இடைவெளிக்கு வீட்டில் வந்து உட்கார ஓர் ஆள் வேண்டும். தெருவில் யாரைக் கேட்பது? பாதிப் பேர் அந்த பஸ்ஸில் வந்தவர்கள், அவள் முகத்தில் விழிப்பதில்லை. மீதிப் பேர் வேலைக்குப் போயிருப்பார்கள். பகலில் வீட்டில் இருந்தவள் பள்ளிக்கூடத்தம்மா ஒருத்திதான். முதல் பஸ் இல்லாமல் பிள்ளைகள் வந்த பிறகு வந்தால் வகுப்பறையைக் கூட்ட முடியாது என்று பள்ளிக்கூடம் அவளை நிறுத்திவிட்டது.

லாண்டரி அக்கா எதிர் வரிசைக்குப் போய்க் கதவருகில் நின்றாள். மானத்தை முழுங்கிவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். மகளின் வலிப்பு, கன்னத்துத் தழும்பு, புது நேரம். "நான் உன்ன ரொம்பப் பேசிட்டேன்மா. மனசுல வச்சுக்காத. என் பொண்ணுக்காகக் கேக்குறேன். கொஞ்ச நேரம் கூட இரு, போதும்."

பள்ளிக்கூடத்தம்மா குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டாள்.

"எந்த பஸ்ல பேசின?"

"என்னம்மா இது? முதல் பஸ்லதான்."

"அந்த பஸ்ல ஒரே ஒரு ஆளுதான் வந்தாங்களாம். ஆபீஸ்லயே சொல்லிட்டாங்களாம், தெருவே பேசுது. அது நான்தான். உன்ன நான் பாத்ததே இல்லையே. நீ யாரு?"

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் போடுகிற சத்தமும் கேட்டது. லாண்டரி அக்காவுக்குக் கோபம்கூட வரவில்லை. அழுகைதான் வந்தது. நடுத்தெருவில் நின்று அழுதாள்.

புது நேரத்தின் முதல் நாளான திங்கட்கிழமை மதியம் சலவைப் பிரிவிலிருந்து வீட்டுக்குப் போன் செய்தாள். அடுப்பு கேஸை மூடிவிட்டதாகப் புருஷன் சொன்னார். நாற்காலி, மேசையெல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டாராம். தரையில் மெத்தை விரித்திருக்கிறாராம்.

"வெளிய பூட்டிட்டேன்" என்றார் கடைசியில்.

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மகளின் குரல் போனுக்குள் கேட்டது. "அப்பா, அம்மா எந்த பஸ்ல வருவாங்க?"

"கேக்குறா" என்றார் அவர். "என்ன சொல்ல?"

உருளை சுற்றிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கத்துப் பெண் துணிக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். பகல் பஸ்களில் எது ஓடுகிறது, எது நின்றுவிட்டது என்று லாண்டரி அக்காவுக்கே தெரியவில்லை.