ஊற்றக் கூடாத இடத்தில் ஊற்றிய ‘நீர்’

1998 யூன் 20, சனிக்கிழமை, காலை எட்டே முக்கால் மணி. விடியற்புறம் தொடங்கிய தூறல் விடவில்லை. கொட்டாஞ்சேனையில் பஸ்ஸால் இறங்கியபோது என் வலது சப்பாத்துக்குள் தண்ணீர் போயிருந்தது. வெள்ளவத்தையிலிருந்து வர இரண்டு பஸ், மூன்று சோதனைச் சாவடிகள். ஓய்வு நாளில் இப்படி அலைய வைத்தது எங்கள் திணைக்களம். சிங்கள ஊழியரும் தமிழ் ஊழியரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ள வேண்டுமாம். அதற்கு ஒரு நாள் பயிற்சி. தேவாலய மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். நாங்கள் இருபத்துநான்கு பேர். கதிரைகள் இருபத்திரண்டு.

என் நினைப்பெல்லாம் திங்கட்கிழமையில் இருந்தது. மனைவியின் தமக்கைக்கு இரண்டு கண்ணிலும் வெண்புரை. சத்திரசிகிச்சைக்காக வவுனியாவில் பயணப் பாஸ் எடுத்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். பொலிஸ் கொடுத்த தங்கும் அனுமதி திங்களோடு முடிகிறது. ஆஸ்பத்திரியில் தந்த நாள் வியாழன். அனுமதியை நீட்ட வேண்டும். சிங்களவர் ஒருவர் கூட வந்து பொறுப்புச் சொன்னால் பத்து நிமிட வேலை; இல்லாவிட்டால் இழுத்தடிப்பார்கள்.

அதற்கு ஒருவர் இருந்தார். கணக்குப் பகுதியில் வேலை செய்த சிங்கள நண்பர். பதினேழு வருடங்களாக ஒரே மேசையில் மதியச் சாப்பாடு சாப்பிட்டோம். அவரும் பயிற்சிக்கு வந்திருந்தார். “திங்கள் ஒன்பது மணிக்குப் பொலிஸ் வாசலில் நிற்பேன், நீங்கள் யோசிக்க வேண்டாம்” என்று சிங்களத்தில் மறுபடியும் உறுதி சொன்னார். பாதிப் பாரம் இறங்கியது.

பயிற்சி நடத்திய பெண்மணி முதலில் எங்களை எதிரெதிரே இருத்தி, ஒரு நிமிடம் கண்ணுக்குள் பார்க்கச் சொன்னார். அது முடிய, ஆறு ஆறு பேராகப் பிரித்து நடிக்க விட்டார். பெட்டிக்குள் கைவிட்டுத் துண்டு எடுக்க வேண்டும். எனக்குச் சோதனைச் சாவடிச் சிப்பாய் வந்தது. நண்பருக்குத் தமிழ்ப் பயணி. இரண்டு கதிரைகளைக் குறுக்கே போட்டால் அதுதான் சாவடி.

எங்கள் குழுவில் கொட்டாஞ்சேனைக்காரப் பெண்மணி ஒருவர் இருந்தார். தபால் பகுதியில் வேலை. சிங்களப் பிள்ளைகளோடு ஒரே ஒழுங்கையில் வளர்ந்தவர். அவர் என் காதருகே குனிந்து, “அண்ணை, இண்டைக்குத்தான் உங்களுக்குச் சான்ஸ். ஒருத்தரையும் விடாதையுங்கோ” என்றார்.

நண்பர் சாப்பாட்டுப் பையை ஆட்டிக்கொண்டு வந்தார். அடையாள அட்டையைக் கேட்டேன். “மல்லி, பஸ் போயிடும், கெதியாப் பார்த்திட்டு விடு” என்றார் சிங்களத்தில். சிப்பாயைத் தம்பி என்று கூப்பிடும் தமிழனை நாங்கள் எவரும் கண்டதில்லை.

“இவர் உண்மையாத் தமிழனெண்டால் இந்தக் கிழமை வீட்டுக்குப் போகார்” என்றார் கொட்டாஞ்சேனைக்காரி. தமிழர் எல்லோரும் சிரித்தோம். ஏன் என்று விளங்காமலே நண்பரும் சிரித்தார்.

பயிற்சியாளர் கைதட்டி நிறுத்தினார். “இது உண்மையாக இல்லை. உங்களுக்கு எப்படி நடக்கிறதோ, அப்படியே செய்யுங்கள்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

சாவடியில் எங்களை ‘உம்ப’ என்பார்கள். அதை நண்பரிடம் எப்படிச் சொல்வது? நான் முப்பத்தோராவது வயதில், கந்தோர்ப் பரீட்சைக்காகச் சிங்களம் படித்தவன். யாழ்ப்பாணத்துத் தமிழின் படிகளிலேயே அதையும் அடுக்கி வைத்திருந்தேன். ‘ஒயா’ என்றால் நீங்கள், ‘உம்ப’ என்றால் நீ. நடுவில் கிடந்த ‘தமுசே’யை ‘நீர்’ என்று எடுத்துக்கொண்டேன். நீர் என்பதில் குறைவு ஏது? என் மனைவியையும் மைத்துனரையும் நான் நீர் என்றுதான் கூப்பிடுவேன். ஆகவே நண்பரின் மனம் நோகாதபடி கீழ்ப்படியை விட்டு நடுப்படியைத் தெரிந்தெடுத்தேன். குரலைச் சற்று உயர்த்தி, “தமுசே கொஹேத யன்னே?” என்றேன். நீர் எங்கே போகிறீர் என்று கேட்டதாகத்தான் என் எண்ணம்.

அட்டையை நீட்டிய அவர் கை அப்படியே நின்றது. சிங்கள ஊழியர் இருவர் நிலத்தைப் பார்த்தார்கள். பயிற்சியாளர் மட்டும் “அருமை, அருமை” என்று கைதட்டினார். எப்படி உணர்ந்தீர்கள் என்று அவர் கேட்டதற்கு நண்பர், “நல்ல பயிற்சி” என்றார். மத்தியானம் அவர் வேறு மேசையில் போய் இருந்தார்.

கொட்டாஞ்சேனைக்காரி தேத்தண்ணியோடு என்னிடம் வந்தார். “என்ன அண்ணை அப்பிடிச் சொல்லிப் போட்டீங்கள்?”

“மரியாதையாத்தானே சொன்னனான். உம்ப எண்டு சொல்லேல்லையே.”

“ஐயோ, உம்ப எண்டிருந்தால் அந்தாள் சிரிச்சிருக்கும். கூட்டாளிமாரும் அப்பிடித்தான் கதைக்கிறவை. தமுசே எண்டது பொலிஸ்காரன் கள்ளனுக்குச் சொல்லுறது.”

“நீர் எண்ட மாதிரித்தானே அது?”

“உங்கட யாழ்ப்பாணத்து நீரைக் கொண்டுவந்து இஞ்ச ஊத்தாதையுங்கோ அண்ணை!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னேரம் பஸ் தரிப்பில் நண்பரைப் பிடித்து விளக்கப் பார்த்தேன். நீர் என்ற சொல்லைச் சிங்களத்தில் எதைக்கொண்டு விளக்குவது? நான் திக்கித் திணற, அவர் இடையில் மறித்து, “அது நடிப்புத்தானே, மஹத்தயா” என்றார். பதினேழு வருடத்தில் ஒருநாளும் அவர் என்னை ஐயா என்று கூப்பிட்டதில்லை. திங்கட்கிழமையைப் பற்றிக் கேட்க அதற்குமேல் எனக்கு வாய் வரவில்லை.

திங்கள் எட்டரைக்கே பொலிஸ் வாசலுக்குப் போய்விட்டோம். மைத்துனிக்கு நிழலாட்டம் மட்டும்தான் தெரியும். சப்பாத்துச் சத்தம் கேட்கும்போதெல்லாம், “ஆர் வாறது, அந்த மனுசனோ?” என்று கேட்டார். முதலில் “இல்லை அக்கா” என்றேன். பிறகு பதில் சொல்வதை விட்டுவிட்டேன். பதினொன்றேகால் வரை நண்பர் வரவில்லை. உள்ளே போனோம். பொறுப்பு நிற்க ஆள் கொண்டுவரும்படி சொல்லி அனுப்பினார்கள். மறுநாளும் அதுவேதான். புதனன்று ஒரு சட்டத்தரணியைப் பிடித்தேன். வெள்ளிக்கிழமை அனுமதி கிடைத்தது. அதற்குள் வியாழன் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அடுத்த திகதி ஏழு கிழமை கழித்துத்தான் என்றார்கள். அவ்வளவு நாளுக்கு அனுமதி எங்கே வாங்குவது? தனியார் மருத்துவமனையில் ஒரு கண்ணை மட்டும் செய்வித்தோம். மற்றக் கண்ணோடு அவர் வவுனியாவுக்குத் திரும்பிப் போனார்.

அந்தச் செவ்வாய் பின்னேரம் நான் கந்தோருக்குப் போனபோது நண்பர் வந்திருந்தார். முதல்நாள் காய்ச்சல் என்றார். இருக்கலாம், நான் விசாரிக்கவில்லை. மைத்துனியைப் பற்றி ஆங்கிலத்தில் கேட்டார். நானும் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன்; பொலிசுக்கு வரச் சொல்லி மறுபடியும் கேட்கவில்லை. அதன்பின் நாங்கள் ஆங்கிலம்தான் கதைத்தோம். அந்த மொழியில் அமைச்சருக்கும் யூ, கள்ளனுக்கும் யூ, பிழைவிட இடமில்லை. பழைய மேசைக்கும் அவர் திரும்பி வந்தார். நான் ஓய்வுபெறும் வரை இரண்டு வருடம் அப்படியே சாப்பிட்டோம். பகிடிகள் குறைந்துவிட்டன. எங்கள் இருவருக்கும் பகிடி விடுமளவு ஆங்கிலம் தெரியாது.

பயிற்சி இலவசம், மதியச் சாப்பாடும் தந்தார்கள். சட்டத்தரணிக்கு நாலாயிரத்து ஐந்நூறு, ஓட்டோவுக்குத் தொள்ளாயிரத்து அறுபது, கண்ணுக்குப் பதினாறாயிரத்து ஐந்நூறு. ஆக மொத்தம் இருபத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது ரூபா.