முகப்பை மாற்றியவள் நான்

அந்தக் கணிப்பொறியின் முகப்பை மாற்றியது நான்தான். பழி ஸ்டெல்லா அக்காவின் தலையில் விழுந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். நீங்கள் யாரோ, நான் யாரோ... அதனால்தான் வாய் வருகிறது போலும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ரப்பர் வாஷர் செய்யும் சிறிய பட்டறை. அலுவலகத்தில் தபால்களைப் பிரித்து அடுக்குவது என் வேலை. ஸ்டெல்லா அக்கா மேனாம்பேட்டிலிருந்து வருபவர். ஒன்பது வருடம் பேக்கிங் பிரிவில் நின்றவர். மாலை வகுப்பில் தட்டெழுத்து படித்துத் தேறியதால், புதிதாக வந்த கணிப்பொறியின் முன் முதலாளி அவரை உட்காரவைத்தார். ஆறு மாதம் பார்ப்போம், சரியாகச் செய்தால் அந்த நாற்காலி நிரந்தரம் என்பது பேச்சு.

அக்கா அந்த இயந்திரத்தைப் படங்களாக மட்டுமே அறிந்திருந்தார். ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்: இரண்டாவது வரிசை, மூன்றாவது படம், இரண்டு தட்டு, கடிதம் அடிக்கும் இடம் வரும். அது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

எனக்குப் போதவில்லை! அந்தப் படங்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? யார் அவற்றை அங்கே அடுக்கினார்கள்? பழைய புத்தகக் கடையில் வாங்கிய பத்திரிகை ஒன்றில் படித்தேன்... விண்டோஸ் திறந்ததும் எது முன்னால் வந்து நிற்க வேண்டும் என்பதை ஒரு கோப்பிலுள்ள ஒரே ஒரு வரிதான் தீர்மானிக்கிறதாம். அதைப் படித்த நாளிலிருந்து எனக்குக் கை பரபரத்தது.

ஆயுத பூஜை அன்று காலையில் எல்லோரும் அவரவர் இயந்திரத்தைத் துடைத்தார்கள். ஸ்டெல்லா அக்காவும் தன் பங்குக்குக் கணிப்பொறித் திரையை ஈரத்துணியால் பளிச்சென்று துடைத்தார். மதியம் எல்லோரும் பொரிகடலைப் பொட்டலம் கட்டப் போன நேரத்தில், நான் அந்தக் கோப்பைத் திறந்து அந்த வரியை மாற்றினேன். மறுபடி விண்டோஸைத் திறந்தால்... படங்களைக் காணோம். கோப்புகளின் பட்டியல் மட்டும் கிளை கிளையாக நீண்டது. இத்தனை நாள் வாசலையே பார்த்துவிட்டு வீடு என்று நினைத்திருக்கிறோமே என்று தோன்றியது.

திருப்பி மாற்றுவதற்குள் முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு வந்துவிட்டார். "அத்த அணைச்சிடும்மா, பொட்டு வெக்கணும்." பொட்டு வைத்த இயந்திரத்தை விஜயதசமிவரை ஓட்டக்கூடாது என்பது பட்டறையின் வழக்கம். அணைத்தேன்.

விஜயதசமி காலை. கற்பூரம் காட்டி முடித்ததும், "ஸ்டெல்லா, நீயே போடு" என்றார் முதலாளி. அக்கா சிலுவைக் குறி இட்டுக்கொண்டு சுவிட்சைப் போட்டார். படங்கள் வரவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? பயந்துவிட்டேன் என்றால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். அது பாதிப் பொய். அவர் என்ன செய்யப்போகிறார் என்று பார்க்க எனக்கு ஆவலாக இருந்தது! அக்கா நோட்டைப் புரட்டினார். பட்டியலை மூடினார், விண்டோஸே மூடிக்கொண்டு திரை கறுத்தது. அணைத்துப் போட்டார். மறுபடியும் பட்டியல்.

பிறகு அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

"ஈரத்துணி போட்டுத் தொடச்சேன் சார்... அதுல படமெல்லாம் அழிஞ்சிபோச்சி போல கீது."

"இன்னா ஸ்டெல்லா, நல்ல நாளும் அதுவுமா..." என்றார் முதலாளி. அதற்கு மேல் அவர் எதுவும் விசாரிக்கவில்லை. சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் அந்தக் காரணம் பொருத்தமாகவே பட்டது.

துணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அங்கே அறிந்திருந்தவள் நான் ஒருத்திதான். அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பின்பு, "நான் பார்க்கட்டுமா சார்?" என்று போய் உட்கார்ந்து, வரியைப் பழையபடி எழுதினேன். படங்கள் வந்தன. எல்லோரும் கைதட்டினார்கள். வெட்கமே இல்லாமல் சிரித்தேன்.

மறுநாள் முதல் நாற்காலி எனக்கு. அக்கா பேக்கிங்குக்குத் திரும்பினார். அந்த நோட்டையும் என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் மறந்திருப்பேனோ என்னவோ. ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கள்ளிக்குப்பத்திலுள்ள என் வீட்டுக்கு அக்கா கேக் கொண்டுவருகிறார். "நீ மட்டும் இல்லாங்காட்டி, மிசின கெடுத்தவன்னு என்ன அன்னிக்கே ஊட்டுக்கு அனுப்பிச்சிருப்பாங்கம்மா" என்பார் ஒவ்வொரு முறையும்.

என்ன ஆகும் என்று பார்ப்பதற்காகவே எதையும் நோண்டுகிறவள் நான். உண்மையைச் சொன்னால் அவர் முகம் என்ன ஆகும் என்பதை மட்டும்... முடியவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கும் வந்தார். பேக்கிங் மேசையருகே நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்டதாம். மாடிப்படி ஏற முடியாமல் கீழேயே நின்று கூப்பிட்டார். இறங்கிப் போய் டப்பாவை வாங்கிக்கொண்டேன்.